டெக்ஸ்ட் ஹைட்: ஸ்டைலிலேயே பூட்டுவதா, பூஜ்யத்தில் விடுவதா?

அம்பத்தூர்_டிராஃப்ட்ஸ்மேன்:
புதுப் பையன்கள் ஒரே பிளானில் ரூம் பெயரின் எழுத்து உயரத்தை 200, 230, 250 மிமீ என்று மனம்போனபடி போடுகிறார்கள். அதனால் ஆட்டோகேட் (வரைபட சாஃப்ட்வேர்) டெக்ஸ்ட் ஸ்டைலிலேயே, அதாவது எழுத்துக்கான செட்டிங்கிலேயே, ஹைட் 250 என்று பூட்டிவிட்டேன். 1:100 பிளாட்டில் (பிரிண்டில்) அது பேப்பரில் 2.5 மிமீ. டெக்ஸ்ட் கமாண்ட் ஹைட்டே கேட்காது. இதில் என்ன குறை?

கிண்டி_சிவில்:
டைமென்ஷனில் தெரியும் அண்ணா. அதே ஸ்டைலை டிம் ஸ்டைலுக்கும் (அளவுக் குறிப்புக்கான செட்டிங்) கொடுத்தால் அங்கே என்ன ஹைட் போட்டாலும் எடுக்காது, ஸ்டைலில் உள்ள 250தான் நிற்கும். அப்புறம் டாய்லெட் டீடெயிலை 1:20 வியூபோர்ட்டில் (ஷீட்டில் வரைபடத்தைக் காட்டும் ஜன்னல்) வைத்துப் பாருங்கள், அதே எழுத்து 12.5 மிமீ, டைல்ஸ் எங்கே என்று தேடணும். ஸ்டைலில் ஹைட் 0 (பூட்டாமல் விடுவது), அனோட்டேடிவ் (ஸ்கேலுக்கு ஏற்ப எழுத்து தானே அளவு மாறும் வசதி) ஆன், எழுதும்போது பேப்பர் ஹைட் 2.5. அவ்வளவுதான் வேலை.

அம்பத்தூர்_டிராஃப்ட்ஸ்மேன்:
1:20க்கு 50 என்று தனி ஸ்டைல் இருக்கிறது தம்பி. அனோட்டேடிவ் 2008 வெர்ஷனில் வந்தபோதே பார்த்தாச்சு. ஒரு எழுத்துக்கு நாலு ஸ்கேல் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு ஸ்கேலிலும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். கீழே விசிபிலிட்டி பட்டனை யாராவது அணைத்துவிட்டால், அந்த ஸ்கேல் சேர்க்காத எழுத்து வியூபோர்ட்டில் காணவே காணாது. பிளாட் எடுத்த பிறகுதான் தெரியும்.

ஓஎம்ஆர்_சைட்:
ரெண்டு பேரும் ஏ1 ஷீட்டை வைத்தே பேசுகிறீர்கள். சைட்டுக்கு வருவது ஏ3 சார். நீளத்தில் சரிபாதி, உங்கள் 2.5 இங்கே 1.25. வெயிலில் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு கம்பி மேஸ்திரி “ரிங் 150க்கா 180க்கா” என்று வளையக் கம்பியின் இடைவெளியைக் கேட்கிறார், நான் போனில் ஜூம் பண்ணிச் சொல்கிறேன். ஐஎஸ்ஓ 3098 (வரைபட எழுத்துக்கான சர்வதேசத் தரம்) எழுத்து உயரங்களே 1.8, 2.5, 3.5, 5 என்றுதான் போகிறது. ஏ1இல் 3.5 போட்டால்தான் ஏ3யில் கிட்டத்தட்ட அந்த 1.8ஆவது கிடைக்கும்.

அம்பத்தூர்_டிராஃப்ட்ஸ்மேன்:
1200 அகல டாய்லெட் 1:100இல் வெறும் 12 மிமீ. அதற்குள் 3.5இல் பெயரும் அளவும் எழுதினால் சுவர் மேல் ஏறும். கம்பி விவரத்துக்கு வேண்டுமானால் 3.5 வைக்கலாம்.

கிண்டி_சிவில்:
ஏ1ஐச் சுருக்குவதே தப்பு. ஏ3க்குத் தனி லேஅவுட் (பிரிண்ட் பக்கம்) போட்டு, பிளானைப் பிரித்து 1:50இல் வையுங்கள். அனோட்டேடிவ் என்றால் அந்த ஸ்கேலைச் சேர்த்தால் போதும், எழுத்து அதே 2.5.

ஓஎம்ஆர்_சைட்:
லேஅவுட் எப்போது வரும் ப்ரோ? நாளைக்கு ஸ்லாப் கம்பி கட்டுகிறோம். இப்போதைக்கு 3.5 போட்டே அனுப்புங்கள்.