பெட்டியைத் திறந்தால் புளித்த வாசம்: பழைய செல் ஓவியங்களை எப்படிக் காப்பாற்றுவது?

குளக்கட்டு:
கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். 80களில் ரொறன்ரோவில் கார்ட்டூன் படங்களுக்கு வண்ணம் பூசிய சித்தப்பா, 31 செல்கள் தந்திருந்தார். செல் என்றால் கார்ட்டூன் படத்துக்காக வரையும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். மாரி மழைக்குப் பயந்து பொலித்தீனில் சுற்றி, பிஸ்கட் பேணியில் போட்டு, மூடியைச் சுற்றி டேப்பும் ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி உச்சியில் வைத்தேன். நேற்றுத் திறந்தால் ஊறுகாய்ப் போத்தல்போல் வாசம். தாள்கள் அப்பளமாக நெளிந்திருக்கின்றன. நரியின் வாலில் வண்ணம் வெடித்து, ஒரு செதில் என் விரலோடு வந்துவிட்டது. இடையில் வைத்த கடதாசியும் ஒட்டிக்கிடக்கிறது. இஸ்திரிப் பெட்டியால் மெல்லத் தேய்த்து நிமிர்த்தலாமா?

பழையதாள்:
இஸ்திரிப் பெட்டியைத் தொடவே வேண்டாம், தம்பி! அந்த வாசம் அசற்றிக் அமிலம். தாள் செல்லுலோஸ் அசற்றேற்றாக இருக்கும். வெப்பமும் ஈரமும் அதைச் சிதைக்கச் சிதைக்க அமிலம் வெளியேறும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். நீங்கள் டேப் ஒட்டிப் பத்திரப்படுத்தியது அமிலத்தைத்தான். தாள் சுருங்கும், வண்ணம் அதோடு சேர்ந்து சுருங்காது. அதனால்தான் வால் வெடித்தது.

பொலித்தீனைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் ஒவ்வொன்றாகப் பரப்புங்கள். ஒட்டிய கடதாசியை இழுக்காதீர்கள், வண்ணமும் கூடவே வரும். இன்றே இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

ஆய்வுகூடம்:
பாடசாலையில் நீல லிற்மஸ் தாள் கிடைக்கும். ஈரமாக்கி, செல்லில் படாமல் பெட்டிக்குள் தொங்கவிடுங்கள். சிவந்தால் அமில ஆவி உண்டு. காப்பகங்கள் பயன்படுத்தும் சோதனைத் தாள் நீலத்திலிருந்து பச்சை, பிறகு மஞ்சளாகும். சிதைவின் அளவையும் காட்டும்.

குளக்கட்டு:
குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்? உரிந்த வண்ணத்தை ஈரத்துணியால் ஒட்டலாம் என்கிறார் சித்தப்பா.

பழையதாள்:
குளிர் நல்லதுதான், ஆனால் நம் மின்வெட்டில் உள்ளே வியர்க்கும். ஓலைக் கூரை அறை இருந்தால் அதுவே போதும்; கறையான் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை உண்டு. அமெரிக்காவின் கெட்டி (Getty) கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனமும் டிஸ்னியும் சேர்ந்து செய்த ஆய்வில், ஈரப்பதனை அளந்து கூட்டி, எழும்பிய வண்ணத்தை மீண்டும் ஒட்டவைத்தார்கள். அது கருவிகளோடு செய்யும் வேலை, ஈரத்துணி வேலை அல்ல. அதுவும் டிஸ்னியின் பழைய வண்ணம் பிசின் கலந்தது. 80களின் வண்ணம் பெரும்பாலும் வினைல் என்ற பிளாஸ்டிக் வகை; அதனால் அந்த முறை உங்கள் செல்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

குளக்கட்டு:
நான்கு பெட்டிகளாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் லிற்மஸ் சிவந்தது. அதிலிருந்த ஏழு செல்களையும் வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். வால் செதில் ஒரு கடித உறைக்குள் இருக்கிறது. மேலே ‘நரி, 14ஆம் தாள்’ என்று எழுதியிருக்கிறேன்.