மறு: எக்ஸ்ப்ளாய்டேஷன் படத்துக்குச் 'சுரண்டல் படம்' சரியா?

வணக்கம் நண்பர்களே,

ஆங்கிலத்தில் 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' படம் என்கிற வகைக்குத் தமிழில் 'சுரண்டல் படம்' என்று இங்கே ஐயா முன்வைத்த சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அகராதிப்படி சரிதான். ஆனால் பழைய ஹாலிவுட் வணிகப் பேச்சில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு விளம்பர வேலை என்றே பொருள், அதாவது ஒரு படத்தைப் பற்றி எப்படியாவது ஊரைப் பேசவைத்துக் கூட்டம் சேர்ப்பது. ரத்தம், நிர்வாணம், பரபரப்புச் செய்தி என எதையாவது காட்டி ஆளை இழுக்கும் படங்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. அதனால் நான் 'தூண்டில் படம்' என்கிறேன்.

இத்தாலிய இயக்குநர் லூச்சோ ஃபுல்ச்சியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 1927இல் ரோமில் பிறந்தவர், மருத்துவம் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தார், இயக்குநர் ஸ்தெனோவின் நகைச்சுவைப் படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். 1959இல் நகைச்சுவை நடிகர் டோட்டோவை வைத்து முதல் படம் இயக்கினார். அப்புறம் பாட்டுப் படம், 1966இல் வெஸ்டர்ன் என்கிற கௌபாய் படம், பிறகு கொலை மர்மம் என்று சந்தை போன பக்கமெல்லாம் போனார். பிணங்கள் எழுந்து நடக்கும், அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் படம் இத்தாலியில் 1978இல் 'ஜாம்பி' என்ற பெயரில் ஓடியது. மறுவருடமே ஃபுல்ச்சியின் படம் 'ஜாம்பி 2' என்று வந்தது. இரண்டு கதைக்கும் தொடர்பே கிடையாது. அந்த '2' தான் தூண்டில்.

ஒரு படம் ஓடியதும் அதே மாதிரி வரிசையாக எடுப்பதை இத்தாலியர்கள் 'ஃபிலோனே' என்பார்கள், பாறைக்குள் ஓடும் தாது இழைக்கும் அதே சொல்தான். இதற்கு 'அலை' என்று எழுதிய அம்மா கவனிக்க வேண்டும், 'புதிய அலை' ஏற்கெனவே பிரெஞ்சு சினிமாவின் ஓர் இயக்கத்துக்கு நிலைத்துவிட்டது, குழப்பம் வரும். நான் 'சால்' என்பேன், ஏர் உழுத கோடு. முன்னத்தி ஏர் கிழித்த அந்தச் சால் வழியேதானே பின்னத்தி ஏர் போகிறது? வெஸ்டர்ன் சால், ஜாம்பி சால் என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கும் எளிதாக இருக்கிறது.

சுரண்டல் வேண்டாம் என்பதற்கு என் முக்கியமான காரணம் வேறு. ஃபுல்ச்சியின் 1971ஆம் ஆண்டுப் படமொன்றில் உயிரோடு அறுக்கப்பட்ட நாய்கள் வரும். நிஜ நாய்கள் என்று வழக்கே வந்தது, திரைத் தந்திரக் கலைஞர் கார்லோ ராம்பால்தி செய்த அந்த நாய்ப் பொம்மைகளை நீதிமன்றத்தில் காட்டித்தான் ஃபுல்ச்சி தப்பினார். அது தூண்டில், சுரண்டல் இல்லை. ஆனால் 1980இல் இன்னொரு இத்தாலிய இயக்குநர் ருஜேரோ தியோதாத்தோ எடுத்த 'கானிபல் ஹாலோகாஸ்ட்' படத்துக்காக ஆமை உட்பட விலங்குகளை நிஜமாகவே கொன்றார்கள். அதைச் சுரண்டல் என்று அடித்துச் சொல்ல வேண்டும். வகைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டால், பொம்மை செய்தவரும் உயிரைக் கொன்றவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள், குற்றம் சாட்டுவதற்குத் தமிழில் சொல் மிஞ்சாது.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. ஃபுல்ச்சி பற்றிய கட்டுரையின் முதல் வரியிலேயே 'தூண்டில் பட இயக்குநர்' என்று போட்டால், இருபது வருடம் நகைச்சுவை முதல் வெஸ்டர்ன் வரை உழைத்த மனிதரைக் கடைசிக் காலப் படங்களுக்குள் அடைத்துவிடுவோம். 'இயக்குநர், திரைக்கதை ஆசிரியர்' என்று தொடங்கி, தூண்டில் படங்களை அடுத்த வரியில் சொல்லலாம் என்பது என் கருத்து. உங்களுக்குச் சரியென்று படுகிறதா?