கலைச்சொல் உதவி: பிளாட்ஃபார்மர் கேமுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

சோனிக் 2 என்ற வீடியோ கேம் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், மூன்று நாளாக முதல் வரியைத் தாண்டவில்லை. "1992 நவம்பரில் மெகா டிரைவுக்காக சேகா வெளியிட்ட" வரைக்கும் வண்டி ஓடுகிறது (மெகா டிரைவ் என்பது சேகா கம்பெனியின் கேம் பெட்டி, டிவியில் மாட்டி ஆடுவது), அதற்கப்புறம் அது என்ன வகை ஆட்டம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறது. பிளாட்ஃபார்மர் (திட்டுக்குத் திட்டு தாவிப் போகிற ஆட்டம்) என்று அப்படியே போட்டால் விளையாடுகிற பையன்களுக்குப் புரியும், ஆனால் அவர்கள் கட்டுரையைப் படிக்கப்போவதில்லை. படிக்கப்போகிறவர்களுக்கு பிளாட்ஃபார்ம் என்றால் எழும்பூர் ஸ்டேஷன்தான்.

இதுவரை பார்த்த சொற்கள்: தள விளையாட்டு, மேடை ஆட்டம், நடைமேடை ஆட்டம். நடைமேடையில் ரயில் வந்துவிடும். மேடை ஆட்டம் என்றால் எங்கள் ஊர்த் திருவிழாவில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நடக்கிற ரெக்கார்டு டான்ஸ். தள விளையாட்டு என்றால் ஏதோ ஓர் இணையதளத்தில் ஆடுவது என்று நினைப்பார்கள்.

என் யோசனை தாவுதள ஆட்டம். அடித்துத் துவைத்துச் சொல்லுங்கள்.

*

> என் யோசனை தாவுதள ஆட்டம்

தம்பி, தளத்தை இன்னும் எத்தனை பேருக்குப் பங்கு போடுவீர்கள்? இணையதளம், இயங்குதளம், தரைத்தளம், படைத்தளம், போதாதா? பழைய பரண் என்ற சொல் சும்மாதானே கிடக்கிறது. தினைப்புனத்தில் உயரத்தில் கட்டிய பரண், அதில் ஏறி நின்று கிளி விரட்டுவது, உங்கள் ஆட்டத்துக்கு எவ்வளவு பொருத்தம். பரணாட்டம் என்று வையுங்கள். தாவல் என்ற சொல்லையும் உலாவிக்காரர்கள் டேபுக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "புதிய தாவல்" என்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஆளுங்கட்சிக்கு யாரோ போய்விட்டார் என்றுதான் தோன்றியது.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் சோனிக் முள்ளம்பன்றிதானே? அதையும் தமிழிலேயே எழுதலாமே.

*

ஐயா, கடைசியில் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோனிக் முள்ளம்பன்றி இல்லை, முள்ளெலி. முள்ளம்பன்றி கொறிக்கும் விலங்கு, உடம்பு பெரிது, முள் நீளம், பந்தாகச் சுருளாது. முள்ளெலி பெயரில்தான் எலி, எலி இனமே கிடையாது, பூச்சி தின்கிற சிறிய விலங்கு, பயந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முள்பந்தாகிவிடும். நம் தென்மாவட்டத்து வறண்ட நிலங்களிலேயே மெட்ராஸ் ஹெட்ஜ்ஹாக் என்று அறிவியலார் சொல்லும் இனம் இருக்கிறது, ஊர்க்காரர்கள் அதை முள்ளெலி என்றுதான் சொல்கிறார்கள். சோனிக் எதிரியை அடிப்பதே பந்தாகச் சுருண்டு உருண்டுதான் என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம். முள்ளம்பன்றி என்று எழுதினால் ஆட்டமே புரியாது. ஆனாலும் அவன் பெயரை சோனிக் என்றே விடுகிறேன்.

இனி பரண். சொல் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் இன்று பரண் என்று கேட்டதும் யாருக்கும் தினைப்புனம் ஞாபகம் வராது, பழைய குடமும் கொலு பொம்மையும் போட்டுவைக்கிற அடுக்களைப் பரண்தான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், பரண் ஒரே இடத்தில் நிற்கிறது, அதில் ஏறியவரும் அங்கேயே நிற்கிறார். இந்த ஆட்டத்தில் நின்றால் போச்சு.

நான் பிடித்துக்கொண்டிருப்பது தளத்தை அல்ல, தாவுவதை. 1981இல் டாங்கி காங் என்ற கேம் வந்த காலத்தில் இந்த வகையை அமெரிக்காவில் ஏறுகிற ஆட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிளாட்ஃபார்ம் என்ற பெயர் நிலைத்தது அதற்கப்புறம். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் குதித்து ஓடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களையே வகைப்பெயராக வைத்திருக்கிறார்கள். ஆக இடத்தை வைத்தும் பெயரிடலாம், செயலை வைத்தும் பெயரிடலாம். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க வினைத்தொகை இருக்கிறது. ராக்கெட்டுக்கு ஏவுதளம், விமானத்துக்கு ஓடுதளம், இந்த ஆட்டத்துக்குத் தாவுதளம். வினைத்தொகை என்பதால் ஒற்றும் மிகாது, தாவுத்தளம் என்று யாரும் த் போட்டுவிடாதீர்கள். தனியாக நிற்கும் தளத்தில் வருகிற குழப்பம் இதில் வராது, ஏவுதளம் என்று படித்து யாரும் வெப்சைட் என்று நினைத்ததில்லை.

ஏன் தாவு, ஏன் குதி இல்லை என்றும் கேட்பீர்கள். குதிப்பது கிணற்றில், அல்லது நின்ற இடத்தில். தாண்டுவது வாய்க்காலை, நடுவில் இருக்கும் தடைதான் அங்கே முக்கியம். பாய்வது புலி, குறிவைத்து முன்னால். தாவுவது மட்டும்தான் ஒரு பிடியை விட்டு இன்னொரு பிடிக்குப் போவது, குரங்கு கிளைக்குக் கிளை போவதுபோல. 1985இல் வந்த சட்டத்துக்குக் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று பெயர் வைத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது, கட்சிக் குதித்தல் என்று வைக்கவில்லை பாருங்கள்.

சோனிக் 2 விளையாடினால் நான்கும் கையில் வரும். எமரால்ட் ஹில் என்ற கட்டத்தில் எதிரி தலைமேல் குதிக்கிறோம், முள்வரிசையைத் தாண்டுகிறோம், திட்டிலிருந்து திட்டுக்குத் தாவுகிறோம். பாய்வதற்குத்தான் 2இல் புதிதாக ஒரு வித்தை வந்தது: கீழ்ப்பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு தாவும் பொத்தானைத் தட்டத் தட்ட அவன் நின்ற இடத்திலேயே சுழன்று வேகம் ஏற்றிக்கொள்வான், கீழ்ப்பொத்தானை விட்டால் சீறிக்கொண்டு கிளம்புவான். 1991இல் வந்த முதல் ஆட்டத்தில் இது இல்லை, மேட்டடியில் வேகம் போய்விட்டால் பின்னால் நடந்துபோய் மறுபடி ஓடிவர வேண்டும், அந்த எரிச்சலைத் தீர்த்ததே இதுதான். கட்டுரையில் இதற்குச் சுழல்பாய்ச்சல் என்று எழுதியிருக்கிறேன், இதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நம்புகிறேன்.

*

> ஓடுதளம், தாவுதளம்

இங்கேயே உங்கள் வாதத்தில் ஓட்டை. சோனிக் ஓடுகிறவன். கெமிக்கல் பிளாண்ட் கட்டத்தில் பாதி நேரம் நான் பொத்தானையே தொடுவதில்லை, அவன்பாட்டுக்கு வளைந்து வளைந்து போய்க்கொண்டிருப்பான். உங்கள் கணக்குப்படி அது ஓடுதள ஆட்டம். :)

மஸ்காட்டுக்கு (நிறுவனத்துக்கோ போட்டிக்கோ முகமாக நிற்கிற பொம்மைப் பாத்திரம்) என்ன வைத்திருக்கிறீர்கள் அண்ணா? நாளிதழ்களில் சின்னம் என்று போடுகிறார்கள்.

*

கெமிக்கல் பிளாண்டில் பொத்தானைத் தொடாதவர் இரண்டாம் பகுதியில் அந்த ஊதா நீரில் மூழ்கவில்லையா? தண்ணீர் ஏறிக்கொண்டே வர, சுற்றிவருகிற கட்டைகள்மேல் ஒவ்வொன்றாகத் தாவித்தானே மேலே வந்தீர்கள். மூச்சுமுட்டும்போது வருகிற அந்த இசை முப்பது வருடம் கழித்தும் என் வயிற்றைக் கலக்குகிறது. வேகம் சோனிக்கின் குணம், தாவுவது வகையின் குணம். போட்டிக் கம்பெனி நின்டெண்டோவின் மரியோவுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

சின்னம் வேண்டாம். "சேகாவின் சின்னம் சோனிக்" என்றால் சேகா இடைத்தேர்தலில் நிற்பதுபோல இருக்கிறது. இலச்சினை என்றால் லோகோ, அதற்குக் கைகால் கிடையாது, அது ஓடாது, யாரையும் முறைக்காது. மரியோவுக்கு எதிராக நிறுத்துவதற்கென்றே சேகா உருவாக்கியவன் சோனிக், நிறுவனத்தின் முகம் என்றே சொல்லலாம். அடையாளப் பாத்திரம் என்று வைத்திருக்கிறேன். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டுக்கு வேட்டி கட்டிய குதிரை வந்ததே, "ஒலிம்பியாட்டின் அடையாளப் பாத்திரம் தம்பி" என்று வாய்விட்டுச் சொல்லிப்பார்த்தேன், உறுத்தவில்லை. கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக யாராவது கொடுத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

தம்பி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2இல் சோனிக் கூடவே வருகிற இரட்டைவால் நரி டெய்ல்ஸ், இரண்டாவது பொத்தான்பெட்டியை எடுத்தால் நடு ஆட்டத்திலும் அதை இன்னொருவர் ஓட்டலாம். செத்தாலும் வாலைச் சுழற்றிக்கொண்டு பறந்து திரும்பி வந்துவிடும். திரை மட்டும் சோனிக்கோடுதான் போகும், டெய்ல்ஸ் பின்தங்கினால் காணாமல் போய்விடும். வீட்டில் சின்னவன் கையில் கொடுத்து "நீயும்தான்டா ஆடுகிறாய்" என்று ஏமாற்ற இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இந்த ஏற்பாட்டுக்குக் கலைச்சொல் எதுவும் கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

சீக்குவலுக்கு இரண்டாம் பாகம். சினிமாக்காரர்கள் தீர்த்துவைத்துவிட்டார்கள்.

*

தாவுதளத்துக்கு நான் இணங்குகிறேன். பரணை வேறு யாருக்காவது எடுத்துவைத்துக்கொள்கிறேன். முதல் வரியை அனுப்புங்கள், சந்தி பார்த்துத் தருகிறேன்.

*

நன்றி ஐயா. வரி இது:

"சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் 2, சேகா நிறுவனம் 1992 நவம்பரில் மெகா டிரைவுக்காக வெளியிட்ட தாவுதள ஆட்டம், அந்நிறுவனத்தின் அடையாளப் பாத்திரமான சோனிக் என்னும் நீல முள்ளெலியின் கதையில் இரண்டாம் பாகம். கலிபோர்னியாவில் இருந்த சேகா டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டில் ஜப்பானியரும் அமெரிக்கரும் சேர்ந்து இதை உருவாக்கினர்."

"கதையில்" என்பதை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். கதை என்று அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.