பஸ் ஓடாத கிறிஸ்துமஸ்

குழு: ஆயா வீடு, காட்பாடி
(நேரமெல்லாம் நம்மூர் நேரம். லண்டன் ஐந்தரை மணி நேரம் பின்னால்.)

டிசம்பர் 23

காலை 4:52
அம்மா: கோலம் போட்டாயிற்று. (படம்) பூசணிப்பூ கிடைக்கவில்லை, செம்பருத்தியை வைத்து ஒப்பேற்றிவிட்டேன். யாராவது முழித்திருக்கிறீர்களா?

4:55
லண்டன் அக்கா: நான்தான் இருக்கேன்மா. இங்கே ராத்திரி பதினொன்றரை ஆகப்போகிறது. இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தோம். பாப்பா ஷூவோடு தூங்கிவிட்டாள். ஒரு கையுறை எங்கேயோ விழுந்துவிட்டது, இந்த மாதத்தில் இது மூன்றாவது.

4:56
அம்மா: வலதா இடதா?

4:56
லண்டன் அக்கா: இடது. போன இரண்டும் வலது.

4:57
அம்மா: அப்போ மிச்சத்தில் ஒரு ஜோடி தேறும். தூக்கிப் போட்டுவிடாதே. எங்கே போனீர்கள் இந்நேரம் வரைக்கும்?

5:06
லண்டன் அக்கா: விளக்கு பார்க்கம்மா. ஈஸ்ட்ஹாமிலிருந்து ரயிலேறி ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் ஸ்டேஷன் போனோம், ரீஜென்ட் தெரு முழுக்க றெக்கை விரித்த தேவதைகளைத் தலைக்கு மேலே விளக்கிலேயே கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் தீபத்துக்குத் திருவண்ணாமலை போனால் நம்மைக் கூட்டமே தூக்கிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி. பத்து நிமிஷத்தில் பாப்பா தூக்கச் சொல்லிவிட்டாள். அப்புறம் இவர்தான் ஒரு யோசனை சொன்னார், நடக்கவே வேண்டாம், 12ஆம் நம்பர் பஸ் இதே தெரு வழியாகத்தான் போகிறது, மாடியில் முன் சீட்டைப் பிடித்துவிடலாம் என்று. பிடித்தோம். தேவதைகள் எல்லாம் கண்ணுக்கு நேரே வந்தார்கள்மா. பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து, மூச்சுவிட்டு ஆவி படர்ந்த இடத்தில் எல்லாம் மீன் வரைந்துகொண்டே வந்தாள். டிராபால்கர் சதுக்கத்தில் இறங்கி கிறிஸ்துமஸ் மரம் பார்த்தோம். (படம்) (படம்)

6:20
ராணிப்பேட்டை சித்தப்பா: காலை வணக்கம். இன்னாம்மா இது, இதுதான் அந்த மரமா? ஒல்லியாய் நிற்கிறது. நம்ம தெருமுனை சர்ச்சில் இதைவிட ஜோராய் நட்சத்திரம் கட்டியிருக்கிறார்கள்.

6:31
தம்பி: சித்தப்பா, போட்டோவில் அப்படித் தெரிகிறது. கீழே நிற்கிற ஆட்களைப் பாருங்கள், எறும்பு மாதிரி இருக்கிறார்கள்.

மதியம் 1:15
லண்டன் அக்கா: சித்தப்பா, நீங்கள் சொன்னதைத்தான் லண்டன்காரர்களும் வருஷா வருஷம் சொல்கிறார்கள். 20 மீட்டர் உயரம், நார்வே நாட்டு ஓஸ்லோ நகரத்திலிருந்து 1947இல் ஆரம்பித்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். உலகப் போர் சமயத்தில் அவர்கள் ராஜா நாட்டைவிட்டு வந்து இங்கேதான் இருந்தாராம், அந்த நன்றிக்கு. விளக்கையும் நம்மூர் மாதிரி சுற்றிச் சுற்றிக் கட்டாமல் மேலேயிருந்து கீழே நேர்கோடாக விடுவது அவர்கள் வழக்கம், அதனால்தான் வெள்ளரிக்காய் மாதிரி தெரிகிறது. வந்த அன்றே அந்த மரத்தைக் கிண்டல் பண்ணாவிட்டால் இந்த ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது. கல்யாணத்துக்கு வந்த சீரை உட்கார்ந்து குறை சொல்கிற மாதிரி.

1:22
ராணிப்பேட்டை சித்தப்பா: அது சரி. பஸ்ஸுக்கு எவ்வளவு?

1:24
லண்டன் அக்கா: ஒன்றே முக்கால் பவுண்டு. கிட்டத்தட்ட 200 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான், 11 வயதுக்குக் கீழே டிக்கெட்டே இல்லை. ரூபாய் நோட்டு நீட்டுகிற கதையெல்லாம் இல்லை, 2014லேயே ரொக்கத்தை நிறுத்திவிட்டார்கள், கார்டுதான்.

1:26
ராணிப்பேட்டை சித்தப்பா: 200 ரூபாயா! காட்பாடியில் அன்ரிசர்வ்டில் ஏறினால் மெட்ராஸ் போய்த் திரும்பியே வந்துவிடலாம்.

1:27
தம்பி: தேவதை தெரியாது சித்தப்பா. வாலாஜா ரோடுதான் தெரியும்.

1:40
குடியாத்தம் பெரியம்மா: அந்தப் பெரிய பார்க்கில் ராட்டினம் எல்லாம் போடுவார்கள் என்று டிவியில் காட்டினார்களே, போகவில்லையா கண்ணு?

இரவு 9:50
லண்டன் அக்கா: போன வருஷம் போனோம் பெரியம்மா, ஹைட் பார்க். கூட்ட நாளில் உள்ளே நுழையவே காசு, அப்புறம் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனியாகக் காசு. நம்ம வேலூர்க் கோட்டை மைதானப் பொருட்காட்சிதான், டெல்லி அப்பளத்துக்குப் பதில் ஜெர்மன் சாசேஜ். பாப்பா குதிரை ராட்டினத்தில் மூன்று நிமிஷம் சுற்றினாள், இவர் அதை நிமிஷக் கணக்கு, விநாடிக் கணக்கு என்று போட்டு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 24

காலை 9:10
தம்பி: அக்கா, நாளைக்கு உனக்கு லீவா?

10:45
லண்டன் அக்கா: டூட்டிடா. போன வருஷம் லீவு எடுத்தாயிற்று, இந்த வருஷம் என் முறை. காலை ஏழரையிலிருந்து ராத்திரி எட்டு. வார்டில் ஆளுக்கொரு ஐட்டம் கொண்டுவருகிறோம். கோட்டயத்து அக்கா ஒருத்தர் கேக், பிலிப்பைன்ஸ் பெண் நூடுல்ஸ், கானாக்காரர் அவர் ஊர்ச் சோறு. நான் ஆம்பூர் பிரியாணி என்று வாய்விட்டுவிட்டேன். மாமாவைக் கூப்பிடுங்கள்.

10:58
ஆம்பூர் மாமா: வந்தேன். எத்தனை பேர்?

10:59
லண்டன் அக்கா: பதினைந்து.

11:07
ஆம்பூர் மாமா: இரண்டு கிலோ கறி, இரண்டு கிலோ சீரகசம்பா. கறியும் அரிசியும் சரிசமம், அதில் கஞ்சத்தனம் பண்ணாதே. மிளகாய்த்தூள் பக்கமே போகாதே, காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைத்துக்கொள், நிறமும் வாசனையும் அதில்தான். தயிர் புளித்திருக்க வேண்டும். அரிசியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, கறி மேல் போட்டுத் தம். பட்டை, கிராம்பு எல்லாம் பேருக்குத்தான். மசாலாவை அள்ளிக்கொட்டினால் அது ஆம்பூர் இல்லை, அப்புறம் என் பேரைச் சொல்லாதே.

11:09
லண்டன் அக்கா: சீரகசம்பா இங்கே தமிழ்க் கடையில் மூட்டையாகவே இருக்கிறது மாமா. விறகுக்கு எங்கே போவேன், மூடியைச் சுற்றி மாவு ஒட்டி ஓவனில் வைக்கப்போகிறேன். கத்திரிக்காய்தான் நீளநீளமாய்க் கிடைக்கிறது.

11:12
ராணிப்பேட்டை சித்தப்பா: நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், அதை லண்டனில் தேடுகிறாயா?

11:13
அம்மா: காம்போடு நாலாகக் கீறி எண்ணெயில் வதக்கு. எந்தக் கத்திரிக்காயாக இருந்தாலும் எண்ணெய் மேலே மிதந்தால் சரி.

மாலை 6:30
ராணிப்பேட்டை சித்தப்பா: பேரப்பிள்ளைகளோடு கோட்டைக்கு வந்தேன். (படம்) ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, 1846இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச், மூன்றும் ஒரே மதிலுக்குள் இருக்கிறது, டிக்கெட்டும் இல்லை.

6:41
தம்பி: அக்கா, 31ஆம் தேதி வாணவேடிக்கை போகிறாயா?

இரவு 11:20
லண்டன் அக்கா: 2014லிருந்து அதற்கும் டிக்கெட்டுடா. வீட்டில் டிவிதான். இப்போது ஓவனில் தம் போட்டிருக்கிறேன். வீடெல்லாம் வாசனை, ஃபயர் அலாரம் ஒரு தடவை அடித்து ஓய்ந்தது.

டிசம்பர் 25

காலை 8:00
குடியாத்தம் பெரியம்மா: அனைவருக்கும் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள். பக்கத்து வீட்டு டீச்சரம்மா கேக்கும் கல்கலும் கொடுத்தனுப்பினார்கள். (படம்)

11:36
லண்டன் அக்கா: ஆப்பில் நேற்றே புக் பண்ணிய கார்க்காரர் கேன்சல் பண்ணிவிட்டார். வேறு கார் பார்த்தால் 40 பவுண்டுக்கு மேல் காட்டுகிறது, அதுவும் 50 நிமிஷம் கழித்து. நடக்கிறேன்.

11:37
அம்மா: நடக்கிறாயா? பஸ் என்னவாயிற்று? மணி என்ன அங்கே?

11:39
லண்டன் அக்கா: ஆறு ஒன்பதும்மா. இன்றைக்கு ஒருநாள் லண்டனில் பஸ், ரயில் எதுவுமே ஓடாது. வருஷத்தில் இந்த ஒருநாள்தான். ஐந்து கிலோமீட்டர், போய்விடுவேன். இவர் வருகிறேன் என்றார், தூங்குகிற பாப்பாவை யார் பார்ப்பது? குரலில் பேசித்தான் டைப் ஆகிறது, தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கையுறையைக் கழற்றினால் விரல் போய்விடும்.

11:40
தம்பி: பிரியாணி?

11:41
லண்டன் அக்கா: பாட்டிமார்கள் காய்கறி வாங்க இழுத்துக்கொண்டு போவார்களே சக்கரப் பை, மாடி வீட்டுப் பாட்டியிடம் நேற்று கடன் வாங்கினேன். அதில் டேக்சா. மேலே கத்திரிக்காய் டப்பா. அதற்கு மேலே என் யூனிஃபார்ம்.

11:43
தம்பி: ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த ஊரில் இன்னா பந்தா" என்று கேட்கிறது.

11:45
லண்டன் அக்கா: பந்த்தே தேவலை என்று சொல்லு. பந்த் அன்றைக்கு டீக்கடை பாதி ஷட்டராவது திறந்திருக்கும். இங்கே காக்கா குருவி இல்லை. நடு ரோட்டில் ஒரு நரி நின்று என்னைப் பார்க்கிறது. நரிதான், நாய் இல்லை. பைக்குள் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது.

11:45
அம்மா: ஐயோ. ஓடாதே. கல் இருக்கிறதா பக்கத்தில்?

11:47
லண்டன் அக்கா: அது பாட்டுக்கு இருக்கும்மா, இங்கே எல்லாத் தெருவிலும் நரி உண்டு. போய்விட்டது. வாலில் பாதி முடி இல்லை, பாவம்.

11:55
அம்மா: குல்லா போட்டிருக்கிறாயா? காது மூடியிருக்கிறதா? நான் அனுப்பிய சொட்டர்?

11:56
லண்டன் அக்கா: அதைத்தான் உள்ளே போட்டிருக்கிறேன்.

12:04
லண்டன் அக்கா: ஒரு கடை திறக்கிறது! யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், ஷட்டரைத் தூக்கிக்கொண்டே "எங்க பிள்ளை இந்த நேரத்தில வெளிக்கிட்டனீங்கள்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குளிருக்குத்தான். இஞ்சி போட்டு டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. இன்றைக்குக் கடை திறக்கலாமா என்றால், 2004இல் ஒரு சட்டமாம், சுமார் 3,000 சதுர அடிக்கு மேல் இருக்கிற பெரிய கடைகள்தான் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக்கூடாது, சின்னக் கடைக்குத் தடையில்லை. ஊருக்கெல்லாம் பால் தீர்ந்துபோகும் நாள் இது, வருஷத்தில் எனக்கு நல்ல வியாபாரம் இன்றைக்குத்தான் என்கிறார்.

12:06
ராணிப்பேட்டை சித்தப்பா: கெட்டிக்காரர்.

12:21
லண்டன் அக்கா: பையின் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. நல்லவேளை, டேக்சா கவிழவில்லை.

12:22
ஆம்பூர் மாமா: தம் மூடி?

12:22
லண்டன் அக்கா: மூடி அசையவில்லை மாமா. நானும் முழுசாகத்தான் இருக்கிறேன், கேட்டதற்கு நன்றி.

12:24
தம்பி: எவ்வளவு தூரம் இருக்கிறது?

12:25
லண்டன் அக்கா: ஒரு கிலோமீட்டர் இருக்கும். ஒற்றைச் சக்கரத்தில் இழுக்கிறேன், கரகரவென்று தெருவே எழுந்துவிடும் போல. ஒரு வீட்டு ஜன்னலில் தாத்தா ஒருவர் திரையை விலக்கிப் பார்த்துக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

12:26
அம்மா: பேசிக்கொண்டே போ. நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

12:49
லண்டன் அக்கா: வந்துவிட்டேன். ஏழு பத்தொன்பது. இன்னும் விடியவே இல்லை, எட்டு மணிக்கு மேல்தான் சூரியன், நாலு மணிக்குள் போய்விடும். நான் வெளியே வரும்போது மறுபடி இருட்டு. போனை லாக்கரில் வைக்கிறேன்.

12:50
அம்மா: சரி போ. முதலில் எதையாவது சாப்பிடு.

டிசம்பர் 26

காலை 4:48
அம்மா: (படம்) இன்று பூசணிப்பூ கிடைத்தது. எதிர்வீட்டுப் பந்தலில் கேட்டு வாங்கினேன். வந்து சேர்ந்தாயா?

4:50
லண்டன் அக்கா: வந்துட்டேன்மா. கோட்டயத்து அக்கா வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விட்டார். பிரியாணி ஒரு பருக்கை மிச்சமில்லை. ஆனால் மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது, கத்திரிக்காய்தான் முதலில் காலி. கானாக்காரர் டப்பாவை வழித்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். மைக்ரோவேவில் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு நோயாளிப் பாட்டி, 90 வயதிருக்கும், எனக்கு இல்லையா என்றார். அவருக்கு டாக்டர் கஞ்சி மாதிரி சாப்பாடுதான் சொல்லியிருக்கிறார். வாசனை மட்டும் பிடிக்கட்டும் என்று தட்டைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மோந்தார்.

4:53
அம்மா: பாவம். அவர்களுக்கு யாரும் வரவில்லையா?

4:54
லண்டன் அக்கா: பஸ் இல்லையேம்மா.

4:58
அப்பா: அந்தப் பை சக்கரம் விட்டம் எவ்வளவு. இங்கே சைக்கிள் கடையில் கிடைக்கும். அளவு அனுப்பு.

4:59
தம்பி: அப்பா குரூப்பில் எழுதுகிறார்! தீபாவளிக்கு அப்புறம் இதுதான் முதல் மெசேஜ்.

5:00
லண்டன் அக்கா: இங்கேயே வாங்கிக்கலாம்ப்பா, அந்தப் பாட்டியும் பரவாயில்லை என்றுதான் சொன்னார்.

5:01
அப்பா: அளவு அனுப்பு.

5:06
லண்டன் அக்கா: (படம்)

5:08
அப்பா: ஸ்கேலைத் தலைகீழாக வைத்திருக்கிறாய். இஞ்ச் பக்கம் தெரிகிறது. சென்டிமீட்டர் பக்கம் வைத்து இன்னொன்று எடு. அச்சாணி ஓட்டையும் தெரிய வேண்டும்.