வில்லன் தோற்றுவிட்டால் பறவை பிழைத்துவிடுமா? குழந்தைகளுக்கான சூழலியல் அனிமேஷன் படங்கள்

கேள்வி: தாழைமடல்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. அண்மையில் இருவருடனும் அமர்ந்து, 2011-இல் வெளிவந்த ‘ரியோ’ அனிமேஷன் படத்தைப் பார்த்தேன். மனிதர் வீட்டில் செல்லமாக வளர்ந்து பறக்கவே கற்காத ஒரு நீலப் பஞ்சவர்ணக்கிளி, தன் இனத்தில் எஞ்சியிருக்கும் பெண் பறவையைச் சந்திக்கப் பிரேசிலுக்குச் சென்று, கடத்தல்காரர்களிடம் சிக்கித் தப்பும் கதை. பாட்டு, துரத்தல், நகைச்சுவை என எதிலும் குறையில்லை. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், நானும்தான்.

என் தயக்கம் படம் முடிந்த பிறகுதான் தொடங்கியது. கெட்டவர்கள் தோற்றுவிட்டதால் இனி அந்தக் கிளிகளுக்கு ஒன்றும் ஆகாது என்று மகன் நிம்மதியாகச் சொன்னான். அப்படியானால் இப்போது அந்தக் கிளிகள் நிறைய இருக்கின்றனவா என்று மகள் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. சூழல் பாதுகாப்பைப் பேசும் குடும்பப் படங்களில் பெரும்பாலானவை ஒரு பேராசைக்காரனைக் காட்டி, அவனை வீழ்த்திக் கதையை முடித்துவிடுகின்றன. இந்த முடிவு குழந்தைகளுக்குப் பொய்யான ஆறுதலைத் தந்துவிடாதா? இந்த வயதுப் பிள்ளைகளை அச்சுறுத்தாமலும், அதே நேரத்தில் இப்படி எளிதாக முடித்துவிடாமலும் எடுக்கப்பட்ட படங்கள் உண்டா? படம் பார்த்த பின் எதைப் பேசலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

பதில்: கரிச்சான்

தங்கள் மகளின் கேள்விக்கு விடை, வருத்தத்துடன், ‘இல்லை’ என்பதுதான். படத்தின் நாயகன் ஸ்பிக்ஸ் பஞ்சவர்ணக்கிளி என்னும் உண்மையான இனத்தைச் சேர்ந்தவன். படம் வெளிவருவதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த இனம் காட்டிலிருந்து மறைந்துவிட்டது. 1990-இல் ஆய்வாளர்கள் தேடிச் சென்றபோது ஒரே ஓர் ஆண் பறவைதான் அங்கே எஞ்சியிருந்தது. தன் இனத்தில் துணை கிடைக்காததால், அது வேறோர் இனத்துப் பெண் பஞ்சவர்ணக்கிளியுடன் இணைந்து திரிந்தது. 1995-இல், கூண்டிலிருந்த ஒரு பெண் பறவையை அதற்குத் துணையாகக் கொண்டுபோய் விடுவித்தார்கள். படத்தின் கதைக்கு மிக நெருக்கமான நிகழ்வு இது, முடிவுதான் வேறு. அந்தப் பெண் பறவை சில வாரங்களிலேயே காணாமற்போனது. 2000-ஆம் ஆண்டின் இறுதிக்குப் பிறகு அந்த ஆண் பறவையையும் யாரும் பார்க்கவில்லை.

படம் மறைத்த இன்னொன்றும் உண்டு. ரியோ டி ஜெனீரோவின் ஈரமான பசுங்காடு இப்பறவையின் வாழிடம் அன்று. வடகிழக்குப் பிரேசிலில் காட்டிங்கா எனப்படும் வறண்ட முட்காட்டில், ஓடைகளின் கரையோரம் நிற்கும் முதிய மரங்களின் பொந்துகளில்தான் அது கூடு கட்டியது. நூற்றாண்டுக் கணக்கில் அந்த மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டியது போக, மேய்ச்சல் ஆடுகள் புதிய கன்றுகளைத் தலையெடுக்க விடவில்லை. மரம் குறையக் குறையப் பறவையும் குறைந்தது, அரிதான பின் அதன் விலை ஏறியது, கடைசியாக மீந்தவற்றைக் கண்ணி வைத்துப் பிடித்தவர்கள் கொண்டுபோனார்கள். இந்த நீண்ட வரிசையில் படம் இறுதிக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, ஏனெனில் கடத்தல்காரனுக்கு முகம் உண்டு. மேய்ந்து போன ஆட்டை வில்லனாக்க முடியாது.

ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 2018-இல் பிரேசில் அரசு அந்தப் பகுதியில் இப்பறவைக்காகவே காப்பிடங்களை அறிவித்தது. 2020 மார்ச்சில் ஜெர்மனியில் இனப்பெருக்கம் செய்து வளர்க்கப்பட்ட 52 பறவைகள் பாயியா மாநிலத்துக் குராசாவுக்கு வந்து சேர்ந்தன. 2022 ஜூனில் எட்டுப் பறவைகளை வெளியே விட்டார்கள். காட்டில் இரை தேடவும் ஆபத்தை உணரவும் அறிந்த இன்னோர் இனப் பஞ்சவர்ணக்கிளிகளையும் அவற்றுடன் சேர்த்தே விட்டார்கள். கூண்டுக் கிளிக்குக் காட்டுக் கிளி வழிகாட்டுவது படத்திலும் உண்டு என்பதை உங்கள் மகள் தானாகவே கண்டுபிடிப்பாள் என்று நினைக்கிறேன்.

பதில்: வெண்திரை

கரிச்சான் சொன்ன ‘முகம்’ பற்றிய குறிப்பிலிருந்தே தொடர்கிறேன். இவ்வகைப் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது, தீங்கு எங்கிருந்து வருகிறது என்று படம் காட்டுகிறது என்பதைத்தான். தனி ஒருவனின் கெட்ட குணத்திலிருந்து வந்தால், அவன் போனதும் தீங்கும் போய்விடும். உங்கள் மகன் சரியாகத்தான் கணக்கிட்டிருக்கிறான்.

ஆறு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் ஒருசேரப் பொருந்துவது 2008-இல் வந்த ‘வால்-ஈ’. அதில் பூமியைக் குப்பைமேடாக்கியவர்கள் கதை தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து முடித்தவர்கள். மனிதர்கள் பூமியை விட்டுப் போய் வாழும் விண்கலத்தில் எதிர்ப்பாக நிற்கும் தானியங்கிக் கருவிக்குக் கூட யார்மீதும் பகையில்லை. பூமிக்குத் திரும்ப வேண்டாம் என்று எப்போதோ இடப்பட்ட ஆணையை, ஆணையிட்டவர் மறைந்த பின்னும் அது நிறைவேற்றிக்கொண்டே இருக்கிறது. தொடக்கத்தில் நெடுநேரம் உரையாடல் மிகக் குறைவாக இருப்பதால் மொழி ஒரு தடையாகாது என்பது கூடுதல் நன்மை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடாதீர்கள். திரும்பி வந்த மனிதர்கள் கிணறு தோண்டுவதும் பயிரிடுவதும் மீன்பிடிப்பதும், குகை ஓவியத்தில் தொடங்கி ஓவியப் பாணிகள் ஒவ்வொன்றாக மாற, அந்தப் பட்டியலின் பின்னணியில்தான் வருகின்றன. வெற்றிக்குப் பிறகு செய்யவேண்டிய வேலை இருக்கிறது என்று காட்டுவது அந்தப் பகுதிதான். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை.

மகளுக்கு மட்டும் என்றால் ஹயாவோ மியாசாகியின் ‘காற்றுச் சமவெளியின் நௌசிகா’வைப் பரிந்துரைப்பேன், 1984-இல் வந்தது. நச்சுக் காற்றை வெளியிடும் பெருங்காட்டை எல்லோரும் எரித்துவிடத் துடிக்கிறார்கள். நாயகியோ அக்காட்டுச் செடிகளின் விதைகளைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து, ஆழ்கிணற்று நீரும் தூய மண்ணும் கொடுத்து வளர்த்துப் பார்க்கிறாள். அவை நஞ்சை வெளியிடுவதில்லை. அப்படியானால் நஞ்சு செடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது. ஒரு சாகசப் படத்தின் திருப்புமுனையாக ஒரு சோதனை அமைவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. வாளேந்திய காட்சிகளும் உயிரிழப்புகளும் உண்டு என்பதால் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது.

அதே இயக்குநரின் 1997-ஆம் ஆண்டுப் படமான ‘இளவரசி மோனோனோகே’யைச் சிலர் குழந்தைப் படம் என்று பரிந்துரைப்பார்கள், ஏற்காதீர்கள். கைகளும் தலைகளும் துண்டாகும் காட்சிகள் அதில் இருக்கின்றன. ஆயினும் பெரியவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய படம் அது. காட்டை அழித்து இரும்பு உருக்கும் எபோஷி என்ற தலைவி, விலைமாதர் இல்லங்களிலிருந்து பெண்களை மீட்டு வேலை தந்தவள், தொழுநோயாளிகளைத் தன் கையால் பேணுபவள். அவளைக் கெட்டவள் என்று ஒதுக்கவும் முடியாது, அவள் செய்வதை ஏற்கவும் முடியாது. இத்தகைய பாத்திரத்தைக் குழந்தைப் படங்களில் எழுத யாரும் துணிவதில்லை என்பதே என் குறை.

பதில்: உச்சிவெயில்

மற்றவர்களிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். ஆறு வயதுக் குழந்தை ஒரு பறவைக்காகக் கவலைப்பட்டு, அது தப்பியதும் நிம்மதியடைந்தது என்றால், படம் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த நிம்மதியை அன்றிரவே பறிக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. ஆட்டு மேய்ச்சலையும் வாழிட அழிவையும் மகளுக்குச் சொல்லுங்கள், அவள்தான் கேட்டிருக்கிறாள். மகன் கேட்கும்போது அவனுக்குச் சொல்லலாம். சாகசப் படத்தைப் பாடநூலின் அளவுகோலால் அளந்தால் நம் கையில் எந்தப் படமும் மிஞ்சாது.

பதில்: கரிச்சான்

உச்சிவெயில் சொல்வதில் எனக்கும் உடன்பாடே. எனினும் கேள்வி சூடாக இருக்கும்போதே விடை சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2016-இல் வந்த ‘ஃபைண்டிங் டோரி’ படத்துக்குப் பிறகு, அதன் நாயகியான நீல மீனை வீட்டுத் தொட்டியில் வளர்க்க மக்கள் பாய்ந்து வாங்குவார்கள், பவளப்பாறைகளில் அந்த மீன் குறைந்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். பின்னர் ஆய்வாளர்கள் இறக்குமதிப் பதிவுகளையும் இணையத் தேடல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறக்குமதி கூடியதற்குச் சான்று இல்லை. அந்த மீனைப் பற்றிய தேடல் மட்டும் படம் வந்தபின் இரண்டு மூன்று வாரங்களுக்கு உயர்ந்திருந்தது. அதாவது நாம் அஞ்சிய தீமையையும் படம் செய்யவில்லை. அது கிளப்பிய ஆர்வமும் நெடுநாள் நீடிக்கவில்லை. அந்தச் சில வாரங்களுக்குள் ஒரு நல்ல புத்தகமோ ஆவணப்படமோ குழந்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

தாழைமடல்

மூவருக்கும் நன்றி. கரிச்சானின் விடையை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அந்த வேற்றினத் துணைப் பறவைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதே அவள் கேட்ட முதல் கேள்வி. கடத்தல்காரர்களைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. உச்சிவெயிலின் அறிவுரைப்படி மகனிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததாக ‘வால்-ஈ’யை இருவருக்கும் காட்டலாம் என்றிருக்கிறேன். அதில் ஆறு வயதுப் பிள்ளை பயப்படும்படி ஏதேனும் உண்டா?

பதில்: வெண்திரை

தொடக்கத்தில் வரும் புழுதிப் புயல் சற்று மிரட்டலாம். இறுதிப் பகுதியில் நாயக இயந்திரம் நசுங்கிச் செயலிழந்து, சிறிது நேரம் தன் தோழியையே அடையாளம் காணாமல் நிற்கும். என்னுடன் பார்த்த சிறுவர்கள் கண்கலங்கியது அங்கேதான். அந்த இடத்தில் அருகில் இருங்கள். மற்றபடி அச்சப்பட ஒன்றுமில்லை.