நிதானமாக வாழும் மனிதர்கள்: எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறைத் தோட்டக்காரர்:

எங்கள் பக்கத்தில் நிதானத்துக்குப் பேர் போனவர் யாரென்று கேட்டால், அடுத்த தோட்டத்துப் பெரியப்பாவைத்தான் காட்டுவார்கள். சொந்தப் பெரியப்பா இல்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். வீட்டில் பேச்சு கொங்குத் தமிழ், ஆபீஸ் காகிதம் எல்லாம் மலையாளம். கேரளா என்றாலே மழை என்று நினைப்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்தால் திகைத்துப் போவார்கள். மழை குறைந்த பூமி. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் இடையே 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோரம் மணக்கடவு அணைக்கட்டில் வந்து சேர வேண்டிய ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத்தான் சித்தூர்ப் பக்கம் நம்பியிருக்கிறது. அதிலும் கடைமடைக்காரர்கள் பாடு எப்போதும் திண்டாட்டம்தான்.

ஒரு மாசி மாதம். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வர வேண்டிய நாளில் வரவில்லை. காலை பத்து மணிக்கு மதகடியில் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குப் போனை எடுத்துச் சத்தம். பெரியப்பா மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, உரக்கடையில் கொடுத்த சின்ன டைரியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க பெரியப்பா, உங்களுக்குக் கவலையே இல்லீங்களா?” என்றேன்.

“இருக்குது கண்ணு. எழுதி வெச்சிருக்கறேன், பாரு” என்று டைரியைக் கொடுத்தார்.

ஒரு பக்கத்தில் நாலு பத்தி. அனுபவித்தே தீர வேண்டியது, உடனே செய்ய வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, கண்டுகொள்ள வேண்டாதது. ஆழியாறு அறிவுத்திருக்கோயில் என்ற தியான மையத்தில் கற்றுக்கொண்டாராம். வேதாத்திரி மகரிஷி வகுத்த அகத்தாய்வு, அதாவது தன்னையே ஆராய்ந்து பார்க்கும் பயிற்சிகளில் கவலை ஒழித்தல் என்று ஒன்று உண்டு. கவலைகளை இந்த நாலு வகையாகப் பிரித்து எழுதுவதுதான் அதன் அடிப்படை.

முதல் பத்தியில் “மேக்கு வரிசை மூணு மரம்” என்றிருந்தது. வேர் வாடல் நோய் பிடித்த தென்னைகள். மட்டையின் கீற்றுகள் விலா எலும்பு மாதிரி உள்வாங்கி வளைந்துவிடும். குணப்படுத்த மருந்து கிடையாது. “போனது போச்சு கண்ணு. மத்த மரத்துக்கு நல்லதுன்னா வெட்டித்தான் ஆவோணும். எங்கப்பா வெச்ச மரம், வெட்டற அன்னிக்கு மனசு நோவும். அதுக்குத்தான் அனுபவிக்கறதுன்னு எழுதியிருக்கறேன்” என்றார். தள்ளிப்போட வேண்டியதில் பேத்தி கல்யாணம்; பிள்ளை இன்னும் காலேஜ் முடிக்கவில்லை. கண்டுகொள்ள வேண்டாததில் பங்காளி ஒருவர் டீக்கடையில் பேசிய பேச்சு.

தண்ணீர், “உடனே” பத்தியில் இருந்தது. அதன் எதிரே ரெண்டு டிக். விடியற்காலையிலேயே மேல் வாய்க்கால் வரை வண்டியில் போய், எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்து, ஆபீஸுக்குத் தகவலும் சொல்லிவிட்டார். கன்றுகளுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் தண்ணீர் விடச் சொல்லி பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார். நாங்கள் பத்து மணிக்குப் போட்ட சத்தத்தை அவர் ஆறு மணிக்கே வேலையாகச் செய்து முடித்திருந்தார். செய்ய மிச்சம் எதுவும் இல்லாததால்தான் அவரால் அப்படி உட்கார முடிந்தது.

மன அமைதி என்றால் வேலையை விட்டு ஒதுங்கி உட்காருவது என்று பலர் நினைக்கிறார்கள். மகரிஷியே நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறி நெய்து பிழைத்தவர், குடும்பஸ்தர். அந்தப் பயிற்சி நம்மைப் போன்றவர்களுக்குத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மீனாட்சிபுரம் தையல்காரம்மா:

அண்ணா, இதே அகத்தாய்வில் சினம் தவிர்த்தல் என்றும் ஒன்று இருக்கிறதுங்க. யார் மேல் கோபம் வருகிறது, எதற்கு வருகிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது கோபப்படக் கூடாது என்று தீர்மானித்துக்கொள்வது. எங்கள் குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் ஒரு அக்கா இதை அப்படியே கடைப்பிடிக்கிறார். அவரும் தையல்தான்.

ஓணத்துக்கு முந்தின வாரம் அவர் கடையில் இருந்தேன். “நாளைக்கே வேணும்” என்று ஒரு அம்மா ரவிக்கைத் துணியை மேஜையில் வீசினார். எனக்குச் சுருக்கென்றது. அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, சாக்பீஸால் துணியின் ஓரத்தில் “வியாழன்” என்று எழுதினார். “வியாழக்கிழமை சாயந்திரம் கட்டாயம் தர்றனுங்க. அதுக்கு முன்னால முடியாதுங்க” என்றார். அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். “முடியாததை முடியும்னு சொல்லிட்டுத்தான் அம்மிணி நமக்குப் பாதிக் கோவம் வருது” என்று அப்புறம் என்னிடம் சொன்னார். நானும் இப்போது துணி வாங்கும்போதே கிழமை எழுதிவிடுகிறேன்.

செங்கோட்டைக்காரன்:

தோட்டக்கார அண்ணன் எழுதியதை, எல்லை தாண்டிக் கேரளாவில் ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவாளுக்கு நாலு பத்தி தம்பி. எனக்கு எல்லாமே உடனேங்கிற பத்தியிலதான வரும்” என்றார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. வட்டி மட்டும் மழை பார்ப்பதில்லை. அவர் சொன்னதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன்பு, அப்போதுதான் பால் நன்றாக வடியும், நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார். பட்டையைச் சரிவாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டால் மரத்துக்குக் காயம், மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அதனால் வெட்டும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். பழைய வெட்டின் மேல் காய்ந்திருக்கும் பாலை விரலால் உரித்துப் பையில் போட்டுக்கொள்வார், அப்புறம்தான் கத்தி. “அந்த நேரம் மட்டும் கடன் ஞாபகம் வராது தம்பி” என்றார். அவருக்குக் கிடைக்கிற அமைதி அவ்வளவுதான். அதைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொழிஞ்சாம்பாறைத் தோட்டக்காரர்:

செங்கோட்டைத் தம்பி, நீங்கள் எழுதியதைப் பெரியப்பாவிடம் காட்டினேன். ரெண்டு முறை படிக்கச் சொன்னார். “அவரு சொல்றது நெசம். காடு அடமானத்துல இருந்தப்ப எனக்கும் எல்லாம் ஒரே பத்தியிலதான் இருந்துச்சு. எங்க மாமன் ஒருத்தர் ராத்திரி பூரா கூட உக்காந்து, எந்தக் கடனை மொதல்ல அடைக்கறதுன்னு கணக்குப் போட்டுக் குடுத்தாரு. இந்த டைரியெல்லாம் அதுக்கப்புறந்தான். அண்ணாச்சிக்கு அப்பிடி ஆராச்சும் இருக்கறாங்களான்னு கேளு” என்றார்.

இருக்கிறார்களா தம்பி?