ஈரக் கழிவுப் பெட்டிகளை டிராக்டரால் கவிழ்க்க எந்தக் கருவி பொருந்தும்?

கீரைத்தோட்டம்: வணக்கம். சிங்கப்பூரின் லிம் சூ காங் பகுதியில் உள்ள கீரைப் பண்ணையொன்றில் வேலை செய்கிறேன். கழித்த இலைகளும் வேர்மண்ணும் 1.2 மீட்டருக்கு 1 மீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் சேர்கின்றன. நிறைந்த பெட்டி ஏறத்தாழ 400 கிலோ இருக்கும். அதை உரக்குழியின் சுவருக்கு மேலே தூக்கிக் கொட்ட வேண்டும். இப்போது இருவர் மண்வெட்டியால் அள்ளுகிறோம். எங்களிடம் முன்பக்க லோடர் (சுமை தூக்கும் கை) பொருத்திய 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது. பக்கவாட்டில் சுழற்றும் கருவியை வாங்குவதா, முன்னோக்கிக் கவிழ்ப்பதை வாங்குவதா?

பட்டறைக்காரர்: எதை வாங்கினாலும், முதலில் லோடரின் கையேட்டைப் பாருங்கள். தூக்கும் திறனைப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் குறித்திருப்பார்கள்: லோடர் கையின் முனையில் கருவியை மாட்டும் இரும்பு ஊசியில் (pin) ஒன்று, அதற்கு 80 சென்டிமீட்டர் முன்னால் ஒன்று. விற்பவர் சொல்வது முதல் எண்; உங்களுக்கு வேண்டியது குறைவான இரண்டாம் எண். அதிலிருந்து கருவியின் எடையையும் கழித்த பிறகு மிஞ்சுவதில்தான் பெட்டியும் கழிவும் அடங்க வேண்டும். கருவியே 200 கிலோவுக்கு மேல் இருந்தால் உங்கள் 400 கிலோ அவ்வளவு எளிதல்ல. பின்புற இணைப்பில் எதிர்எடை மாட்டாமல் தூக்கவே கூடாது.

முன்னோக்கிக் கவிழ்க்கும்போது சுமை இன்னும் முன்னே நகர்ந்து பின்சக்கரங்களை லேசாக்கும். சுழற்றும் கருவியில் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் சுமை ஒரு பக்கம் சாய்வதால் தரை சமமாக இருந்தாக வேண்டும். மழைக்குப் பிறகு நம் பண்ணைப் பாதைகள் எப்படி இருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

பழைய ஓட்டுநர்: மேலே சொன்னது சரிதான், ஆனால் பெட்டியின் அடிப்பகுதியை யாரும் கேட்கவில்லையே! கருவியின் முட்கரண்டி (பெட்டியைத் தூக்கும் இரும்புக் கைகள்) நுழையும் வழி நாற்புறமும் மூடிய குழாய்போல் இருந்தால்தான் தலைகீழாகச் சுழற்றும்போது பெட்டி கரண்டியிலேயே நிற்கும். வெறும் கால்கள் மட்டும் உள்ள பெட்டியென்றால், மேல்விளிம்பை அழுத்திப் பிடிக்கும் கை இல்லாத கருவியில் பெட்டியும் சேர்ந்து குழிக்குள் போய்விடும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் அப்படிப் போன பெட்டியை எடுக்க அரை நாள் ஆனது.

இன்னொன்று, ஈரக் கழிவு உருளைக்கிழங்குபோல் உருண்டு விழாது. ஒட்டிக்கொண்டிருந்து கடைசியில் மொத்தமாகப் பிரியும். அந்த நொடியில் டிராக்டர் குலுங்கும். சுழற்சியை மெதுவாக்கும் எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வும், ஹோஸ் வெடித்தாலும் சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் வால்வும் கேட்டு வாங்குங்கள். வாளியைச் சாய்க்கும் அசைவை மட்டும் நம்பினால், முழு உயரத்தில் அதன் சாய்வு ஒட்டும் கழிவைக் கொட்டப் போதாது.

கீரைத்தோட்டம்: இருவருக்கும் நன்றி. இப்போதுதான் குனிந்து பார்த்தேன், எங்கள் பெட்டிகளுக்கு அடியில் கால்கள்தான்.

பட்டறைக்காரர்: அப்படியானால் மேல்விளிம்பைப் பிடிக்கும் கையுள்ள சுழற்றுக் கருவியைக் கேளுங்கள், பெட்டியை முக்கால் அளவு மட்டும் நிரப்புங்கள். லோடருக்கு, கருவியைச் சுழற்ற எண்ணெய் அழுத்தம் தரும் மூன்றாவது ஹைட்ராலிக் இணைப்பு உள்ளதா என்பதையும் வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் கருவி கொட்டகையில் காட்சிப்பொருளாகத்தான் நிற்கும்.